பிஎல்ஏ-வுடன் பிபிஏடி கலந்தும் ஃபிலிம் ஏன் உடைகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்), பிபிஏடி (பாலிபியூட்டிலீன் அடிப்பேட் டெரெப்தாலேட்) இரண்டும் மக்கும் பிளாஸ்டிக்குகள். பிஎல்ஏ எளிதில் உடையும், பிபிஏடி நன்றாக நீளும். இரண்டையும் 70-க்கு 30 என்ற எடை விகிதத்தில் குளோரோஃபாமில் கரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்து ஃபிலிம் எடுத்தீர்கள். வலிமை இறங்கிவிட்டது, நீட்சியோ எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. அதனால் சரியான விகிதம் எது என்றும், கலந்த பிறகும் அது மக்குமா என்றும் கேட்கிறீர்கள். விகிதத்தைக் கேட்டாலும் உங்களை உண்மையில் குழப்புவது வேறொன்று என்று நினைக்கிறேன்: இரண்டு பொருட்களைக் கலந்தால் அவற்றின் குணங்களின் சராசரியாவது ஏன் கிடைப்பதில்லை? அது பிடிபட்டால் விகிதத்தைப் பற்றிப் பேசுவது எளிது. நான் பல வருடங்களாக இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் இந்த வகை பாலிமர்களை உருக்கிக் கலக்கும் வேலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் எழுதுகிறேன். எலும்புத் திருகு, அறுவைத் தையல் நூல் மாதிரி உடலுக்குள் வைக்கும் பொருட்கள் என் துறை இல்லை. அவற்றுக்கு இதில் உள்ளதை அப்படியே பொருத்த வேண்டாம்.

முதலில் இரண்டின் குணங்களையும் எண்களாகப் பார்த்துவிடலாம். பிஎல்ஏ-வின் இழுவலிமை 50 முதல் 70 மெகாபாஸ்கல், விறைப்பு 3 முதல் 3.5 கிகாபாஸ்கல். பெட் பாட்டில் பிளாஸ்டிக்கோடு ஒப்பிடத் தகுந்த எண்கள். ஆனால் 3 முதல் 6 சதவீதம் நீண்டதுமே முறிந்துவிடும். கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை 55 முதல் 60 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டினால் தளர்ந்துவிடும். பிபிஏடி இதற்கு நேர் எதிர். அதன் கண்ணாடி நிலைமாற்றம் சுமார் மைனஸ் 30 டிகிரியில் நடப்பதால் அறை வெப்பநிலையில் ரப்பர் போலவே நடந்துகொள்ளும். உடையும் முன் பல நூறு சதவீதம் நீளும், ஆனால் விறைப்பு 100 மெகாபாஸ்கலை ஒட்டியோ அதற்கும் கீழோதான் இருக்கும். இந்த இரண்டையும் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், கலந்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சராசரி சில குணங்களுக்குக் கிடைக்கும் என்பதும் உண்மை. அடர்த்தி கிட்டத்தட்ட சராசரியாகவே வரும். விறைப்பும் விகிதத்தை ஒட்டி ஓரளவு ஒழுங்காக இறங்கும். காரணம், விறைப்பை அளக்கும்போது பொருளை மிகக் கொஞ்சமாகத்தான் இழுக்கிறோம். உள்ளே எதுவும் பிரியவோ கிழியவோ தொடங்கியிருக்காது. நீட்சியும் மோதலைத் தாங்கும் திறனும் அப்படி இல்லை. அவை பொருள் தோற்கும் கணத்தைப் பற்றிய அளவுகள். தோல்வி எப்போதும் இருப்பதிலேயே பலவீனமான இடத்தில் தொடங்கும். கலவையில் அந்த இடம் பெரும்பாலும் இரண்டு பாலிமர்களும் தொட்டுக்கொள்ளும் எல்லைதான். எத்தனை சதவீதம் சேர்த்தீர்கள் என்பதைவிட, சேர்த்தது எந்த அளவுத் துளிகளாக, எவ்வளவு ஒட்டுதலோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் உங்கள் ஃபிலிமின் நீட்சியைத் தீர்மானிக்கிறது.

ஏன் துளிகள், ஏன் ஒன்றாகக் கலந்துவிடவில்லை என்று கேட்டால், அதற்கான பதில் 1940-களின் தொடக்கத்தில் ஃப்ளோரி, ஹக்கின்ஸ் இருவரும் தனித்தனியே வகுத்த கோட்பாட்டில் இருக்கிறது. சிறு மூலக்கூறு திரவங்கள் கலக்கும்போது ஒழுங்கின்மை பெரிதும் கூடும். அந்த லாபமே கலத்தலைத் தூண்டிவிடும். பாலிமரில் ஆயிரக்கணக்கான அலகுகள் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கின்றன. உதிரி மணிகளை ஒரு பெட்டியில் எத்தனையோ விதமாகக் கலந்து போடலாம், அதே மணிகளை நூலில் கோத்து மாலைகளாக்கிவிட்டால் கலக்கக்கூடிய விதங்கள் சொற்பமாகிவிடும் அல்லவா, அதே கதைதான். ஒழுங்கின்மையின் லாபம் ஏறக்குறைய இல்லாமல் போவதால், இரண்டு பாலிமர்களுக்கும் இடையே லேசான வெறுப்பு இருந்தாலே பிரிந்துவிடும். பிஎல்ஏ, பிபிஏடி இரண்டுமே பாலியெஸ்டர்கள்தான், உறவுக்காரர்கள்தான், ஆனாலும் பிரிகின்றன. சூடாக்கும்போது பொருள் வாங்கும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி கருவியில் ஓட்டிப் பார்த்தால், கலவையிலும் இரண்டு கண்ணாடி நிலைமாற்றங்கள் ஏறக்குறைய தங்கள் பழைய இடங்களிலேயே நிற்கும். பிபிஏடி-யின் மாற்றம் டிஎஸ்சி-யில் மங்கலாகத்தான் தெரியும். வெப்பநிலையோடு விறைப்பு எப்படி மாறுகிறது என்று அளக்கும் டிஎம்ஏ கருவி உங்கள் ஆய்வகத்தில் இருந்தால் அதில் பாருங்கள், தெளிவாக வரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரிந்திருப்பது குறை என்று பலர் நினைக்கிறார்கள். உடையும் பாலிமரை உறுதியாக்க வேண்டுமென்றால் இரண்டாவது பாலிமர் பிரிந்துதான் இருக்க வேண்டும். பிஎல்ஏ-வில் முழுதும் கரைந்துபோகும் பொருட்களும் உண்டு. குறைந்த மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால், சிட்ரேட் எஸ்டர்கள் போன்றவை நல்ல உதாரணம். 10 முதல் 20 சதவீதம் சேர்த்தாலே பிஎல்ஏ இளகி நன்றாக நீளும். ஆனால் அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையும் கூடவே சரிந்துவிடும். விறைப்பு போய்விடும், மிதமான வெப்பத்தைக்கூட தாங்காது. அப்புறம் அந்த இளக்கிகள் மாதக்கணக்கில் மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து, ஃபிலிம் மறுபடி உடையத் தொடங்கும். பிரிந்து நிற்கும் ரப்பர்த் துளிகளால் கிடைக்கும் ஆதாயமே இதுதான்: பிஎல்ஏ தன் வெப்பநிலையை விட்டுக்கொடுக்காமல் உறுதியாகிறது.

அது எப்படி என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நன்றாகக் கலந்த மாதிரி ஒன்றை மெதுவாக இழுத்தால், குறுகும் இடத்தில் முதலில் பால் நிறம் படரும். உள்ளே துளிகளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள் ஆயிரக்கணக்கில் திறக்கின்றன. ஒளி அவற்றில் சிதறுவதால்தான் அந்த வெண்மை. ஒவ்வொரு வெற்றிடமும் தன்னைச் சுற்றியுள்ள பிஎல்ஏ-வை எல்லாத் திசைகளிலும் இறுக்கிப் பிடித்திருந்த அழுத்தத்தைத் தளர்த்துகிறது. இறுக்கம் தளர்ந்த பிஎல்ஏ உடைவதற்குப் பதில் நழுவி, நீண்டு, ஆற்றலை விழுங்குகிறது. இது நடக்க வேண்டுமானால் துளிகள் சிறியவையாகவும் ஒன்றுக்கொன்று நெருங்கியும் இருக்க வேண்டும். நைலானில் ரப்பர் கலந்து 1985-இல் வூ என்பவர் இதைத் தெளிவாகக் காட்டினார்: அடுத்தடுத்த துளிகளுக்கு இடையே உள்ள சுவரின் தடிமன் ஒரு எல்லைக்குக் கீழே போனால்தான் பொருள் உடையும் குணத்திலிருந்து உறுதியான குணத்துக்குத் தாவுகிறது. பிஎல்ஏ-வுக்கும் இந்த எண்ணம் பொருந்துகிறது. துளிகள் ஒரு மைக்ரானை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் நாங்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் இலக்கு. ஆனால் நைலானுக்குக் கிடைத்த அந்த எல்லை எண்ணை பிஎல்ஏ-வுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு ஜோடிக்கும், ஒட்டுதலைப் பொறுத்தும் அது மாறும்.

துளி பெரிதாகிவிட்டால் என்ன ஆகும்? 10, 20 மைக்ரான் துளி ஒன்று சரியாக ஒட்டாமல் இருந்தால், அது பொருளுக்குள் நீங்களே வைத்த ஓட்டைக்குச் சமம். விரிசல் அங்கிருந்தே கிளம்பும். வலிமையும் போகும், நீட்சியும் வராது. உங்கள் அளவீடுகள் எனக்கு இதைத்தான் சொல்கின்றன. ஃபிலிமை திரவ நைட்ரஜனில் நனைத்து உடைத்து, உடைந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். வழவழப்பான உட்சுவருடன் காலிக் குழிகளும், உரிந்து வெளியே துருத்தும் உருண்டைகளும் தெரிந்தால் ஒட்டுதல் இல்லை என்று பொருள். துளிகளின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருந்தால் நல்ல அறிகுறி.

இப்போது உங்கள் செய்முறைக்கு வருகிறேன். பிரச்சினையின் பாதி அங்கேதான் என்பது என் ஊகம். கரைசலில் இரண்டு பாலிமர்களும் ஒன்றாகக் கரைந்திருப்பது நன்றாகக் கலந்தது போன்ற தோற்றத்தைத் தரும். குளோரோஃபாம் ஆவியாக ஆகக் கரைசல் கெட்டிப்படும். ஒரு கட்டத்தில் பாலிமர்கள் பிரியத் தொடங்கும். அந்த நேரத்தில் சங்கிலிகள் இன்னும் தாராளமாக நகர முடியும், கிளறிவிடவோ அரைக்கவோ யாரும் இல்லை. மெதுவாகக் காய்ந்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்க வேண்டிய நேரமெல்லாம் கிடைத்துவிடும். ஃபிலிமை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். திட்டுத் திட்டாக மங்கலாக இருந்தால் துளிகள் பெரிதாகிவிட்டன என்று நுண்ணோக்கி இல்லாமலே சொல்லிவிடலாம்.

கரைப்பான் வார்ப்பில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அறை வெப்பநிலையில் நாள்கணக்கில் காய்ந்த பிஎல்ஏ ஃபிலிமிலும் குளோரோஃபாம் கொஞ்சம் தங்கியிருக்கும். அது இளக்கியாக வேலை செய்யும். நீங்கள் ஒப்பீட்டுக்கு வார்த்த வெறும் பிஎல்ஏ ஃபிலிம் வழக்கத்தைவிட அதிகமாக நீண்டதா என்று உங்கள் குறிப்பேட்டைப் பாருங்கள். அப்படியானால் ஒப்பிட வைத்த அடிக்கோடே உயர்ந்துவிட்டது. கலவையில் வந்த முன்னேற்றம் சிறியதாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. வெற்றிட அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி, வெப்ப எடை பகுப்பாய்வில் கரைப்பான் போய்விட்டதா என்று உறுதி செய்த பிறகே இழுத்துப் பாருங்கள். நீங்கள் படித்த கட்டுரைகளில் வரும் பெரிய நீட்சி எண்கள் பெரும்பாலும் உருக்கிக் கலந்த மாதிரிகளுடையவை. அவற்றோடு வார்ப்பு ஃபிலிமை நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமாகாது.

உருக்கிக் கலக்கும்போது துளியின் அளவை நாமே ஓரளவு ஆட்டிவைக்க முடியும். ஒரு திரவத்துக்குள் இன்னொன்றின் துளி எப்போது உடையும் என்பதை டெய்லர் 1930-களிலேயே ஆராய்ந்துவிட்டார். இழுக்கும் விசை துளியை நீட்டப் பார்க்கும். எல்லையின் இழுவிசை அதை மறுபடி உருண்டையாக்கப் பார்க்கும். இரண்டின் பாகுத்தன்மையும் ஏறக்குறைய சமமாக இருந்தால் துளி எளிதில் உடையும். துளியின் பாகுத்தன்மை சுற்றியுள்ளதைவிட சுமார் 4 மடங்குக்கு மேல் போய்விட்டால், அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் வெறும் நழுவல் ஓட்டத்தில் எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் அது உடையாது, சுழன்றுகொண்டே இருக்கும். அதனால்தான் ஒரே பெயருள்ள பாலிமரில்கூட எந்த கிரேடு என்பது முக்கியமாகிறது. அதிகமாக ஓடும் ஊசிவார்ப்பு பிஎல்ஏ-வில் கெட்டியான ஃபிலிம் கிரேடு பிபிஏடி-யைப் போட்டால் துளிகள் முரட்டுத்தனமாகவே நிற்கும். வெப்பநிலையும் கைவசம் உள்ள கருவிதான்: இரண்டின் பாகுத்தன்மையும் வெப்பத்துக்கு ஒரே மாதிரி இறங்காது என்பதால், 10 டிகிரி கூட்டுவதோ குறைப்பதோ அவற்றை நெருங்கச் செய்யும். எக்ஸ்ட்ரூடரில் பிசையும் கட்டைகளை எங்கே வைக்கிறோம் என்பதும் அப்படியே. அந்த இடுக்குகளில் உருகிய பொருள் நழுவுவதோடு இழுபடவும் செய்யும். சுழன்று தப்பித்த துளிகள் அங்கே உடையும்.

உடைந்த துளிகள் மறுபடி சேராமல் இருக்க வேண்டும். இங்கேதான் இணக்கப் பொருட்கள் வருகின்றன. பாலியெஸ்டர் சங்கிலிகளின் நுனியில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கும். பல எபாக்சி தொகுதிகள் கொண்ட ஒரு சிறு அக்ரிலிக் பாலிமரை அரை சதவீதம் போலச் சேர்த்தால், ஒரு பக்கம் பிஎல்ஏ சங்கிலியையும் மறுபக்கம் பிபிஏடி சங்கிலியையும் பிடித்து, எல்லையிலேயே இரண்டுக்கும் பொதுவான ஒரு மூலக்கூறு உருவாகிவிடும். அது எல்லையின் இழுவிசையைக் குறைக்கும், துளிகள் சேர்வதைத் தடுக்கும், ஒட்டுதலையும் தரும். பெராக்சைடு சேர்த்துச் சங்கிலிகளில் தனி எலக்ட்ரான் முனைகளை உண்டாக்கிப் பிணைப்பது இன்னொரு வழி. மாலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பிஎல்ஏ-வைச் சேர்ப்பது மூன்றாவது. ஸ்டார்ச் கலவைகளில் அதன் உதவி அதிகம். எதுவானாலும் அளவு மீறினால் சங்கிலிகள் வலைப்பின்னலாகி, ஃபிலிமில் மீன் கண் மாதிரி ஜெல் புள்ளிகள் விழும், இயந்திரத்தின் முறுக்குவிசை ஏறும்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். எபாக்சி வகை பொருட்கள் துளிகளைச் சிறிதாக்குவதும் நீட்சியைக் கூட்டுவதும் திரும்பத் திரும்பப் பார்த்த உண்மை. ஆனால் அந்த வினை எல்லையில் எவ்வளவு நடக்கிறது, ஒவ்வொரு பாலிமருக்குள்ளேயே சங்கிலியை நீட்டுவதில் எவ்வளவு செலவாகிறது என்பதைப் பிரித்தறிவது கடினம். நீட்சி கூடியதற்குச் சங்கிலி நீண்டதே பாதிக் காரணமாக இருக்கலாம். அதேபோல், இரண்டு பாலியெஸ்டர்களை உருக்கினாலே எஸ்டர் பிணைப்புகள் இடம்மாறி இணக்கம் தானாக வந்துவிடும் என்று பல கட்டுரைகளில் படிப்பீர்கள். வினையூக்கி இருந்து, நேரமும் இருந்தால் அது நடக்கும். எக்ஸ்ட்ரூடரில் ஒன்றிரண்டு நிமிடங்களில், எதுவும் சேர்க்காமல், பொருட்படுத்தும் அளவுக்கு நடக்கிறது என்பதற்கு அகச்சிவப்பு நிறமாலையில் ஒரு முகடு சில எண்கள் நகர்ந்ததை மட்டும் சான்றாகக் காட்டினால் நான் ஏற்க மாட்டேன். தேர்ந்த கரைப்பானில் பிரித்தெடுத்துப் பார்த்ததையோ அணுக்கரு காந்த ஒத்திசைவு அளவீட்டையோ சேர்த்துக் காட்டட்டும்.

ஈரப்பதத்தை விட்டுவிட முடியாது. பாலியெஸ்டர் உருகிய நிலையில் தண்ணீரைக் கண்டால் சங்கிலி அறுபடும். பிஎல்ஏ-வில் ஈரம் 0.025 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதுதான் பொதுவான வரம்பு. முடிந்தால் அதைவிடக் குறைவு நல்லது. படிகமாக்கிய பிஎல்ஏ குருணைகளை 80 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தலாம். படிகமாகாத குருணையை அந்த வெப்பத்தில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். 45, 50 டிகிரியில் நெடுநேரம் வைக்க வேண்டும். சரியாக உலராத பொருளை ஓட்டும்போது அச்சிலிருந்து வரும் இழை மெலிந்து, அடிக்கடி அறுந்து, உள்ளே நுண்குமிழ்களோடு வரும். அந்தக் கலவையின் வலிமை குறைந்தால் பழியைப் பிபிஏடி மேல் போடுவது தவறு. சங்கிலி அறுந்த பிஎல்ஏ-வின் வேலை அது. ஆகவே ஒரு விதியை எப்போதும் கடைப்பிடியுங்கள்: எதுவும் கலக்காத பிஎல்ஏ-வையும் அதே இயந்திரத்தில், அதே வெப்பத்தில், அதே வேகத்தில் ஓட்டி எடுத்து, அதோடுதான் கலவையை ஒப்பிட வேண்டும். தயாரிப்பாளரின் தரவுத்தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் கலத்தலின் விளைவையும் சூட்டின் விளைவையும் பிரிக்கவே முடியாது. கட்டுரைகளை மதிப்பிட எனக்கு அழைப்பு வரும்போது நான் முதலில் தேடுவது இந்த ஒப்பீட்டு மாதிரியைத்தான். இல்லாத கட்டுரைகள் ஏராளம்.

முதுமையும் ஒரு முக்கியமான விஷயம். பிஎல்ஏ அறை வெப்பநிலையில் தன் கண்ணாடி நிலைமாற்றத்துக்கு 30 டிகிரி போலத்தான் கீழே இருக்கிறது. அந்த இடைவெளியில் சங்கிலிகள் முழுதாக உறைந்துவிடுவதில்லை. நாளாக நாளாக நெருங்கி அடங்குகின்றன. உருக்கி எடுத்த அன்றே இழுத்தால் நன்றாக நீளும் மாதிரி, ஒரு வாரம் அலமாரியில் இருந்துவிட்டு வந்து பட்டென்று முறியலாம். வேதிமாற்றம் எதுவும் இல்லை. 60 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஆறவிட்டால் பழைய நீட்சி திரும்பிவிடும். கலவைகளிலும் இது நடக்கிறது, ஏனென்றால் தொடர்ச்சியாக நிற்பது பிஎல்ஏ-தான். எல்லா மாதிரிகளையும் ஒரே வயதில் சோதியுங்கள், வயதைக் குறித்தும் வையுங்கள். நீட்சி 200 சதவீதம் என்று ஒரு எண் இருந்தால், எத்தனை நாள் கழித்து என்று கேட்காமல் நம்ப வேண்டாம்.

நீட்சி கூடினால் மோதலையும் தாங்கும் என்று நினைப்பதும் சரியல்ல. இழுவைச் சோதனையில் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் இழுக்கிறோம்; வெற்றிடம் திறக்கவும் பிஎல்ஏ நழுவவும் நேரம் கிடைக்கிறது. சுத்தி அடிக்கும் சோதனையில் எல்லாம் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிடும். நன்றாக நீண்டும் அடியில் கண்ணாடி போலத் தெறிக்கும் கலவைகள் நிறைய உண்டு. ஃபிலிமுக்கு நீட்சியும் கிழிசல் எதிர்ப்பும் முக்கியம். கெட்டியான பொருளுக்கு மோதல் எண் முக்கியம். உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இனி விகிதம். கெட்டியான, விறைப்பு குறையாத பொருள் வேண்டுமென்றால் பிஎல்ஏ தொடர்ச்சியாகவும் பிபிஏடி துளிகளாகவும் இருக்க வேண்டும். 5 முதல் 20 சதவீதம் பிபிஏடி அதற்கான எல்லை. 2006-இல் வெளியான ஒரு நல்ல ஆய்வு இதே எல்லைக்குள் உருக்கிக் கலந்து, உடையும் தோல்வி நீளும் தோல்வியாக மாறுவதையும், கூடவே வலிமையும் விறைப்பும் படிப்படியாக இறங்குவதையும் காட்டியது. அந்த இறக்கத்தைத் தவிர்க்க வழி இல்லை. மென்மையான ஒன்றைக் கலந்தால் அது விலை. மடித்துச் சுருட்டும் பை மாதிரி ஃபிலிம் வேண்டுமென்றால் விகிதத்தையே கவிழ்க்க வேண்டும்: பிபிஏடி பெரும்பகுதி, பிஎல்ஏ சிறுபகுதி. சந்தையில் உள்ள மக்கும் பைகளில் பிபிஏடி-யும் பிஎல்ஏ-வும் சேர்ந்த வகை பெரும்பாலும் இப்படித்தான். பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் இகோவியோ இந்தக் குடும்பம். அங்கே பிஎல்ஏ-வின் வேலை விறைப்பு தருவது. உருகிய பொருளைக் குமிழாக ஊதி ஃபிலிம் எடுக்கும்போது பிஎல்ஏ துளிகள் இயந்திரத் திசையில் இழைகளாக நீண்டுவிடும். அதனால் ஒரு திசையில் பலமாக இருக்கும் ஃபிலிம் அந்தத் திசையிலேயே எளிதாகக் கிழியும். ஊதும் விகிதத்தை, அதாவது குமிழ் குறுக்கே விரியும் அளவை, கூட்டித்தான் இதைச் சமன் செய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவே, 30 முதல் 60 சதவீதம் வரை, இரண்டு பாலிமர்களும் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும் வடிவம் வரலாம், வராமலும் போகலாம். பாகுத்தன்மையில் சிறு மாற்றம் வந்தாலே எது தொடர்ச்சி, எது துளி என்பது மாறிவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்த 30 இந்தச் சிக்கலான பகுதியின் வாசலில் நிற்கிறது. ஒரே எண்ணுக்கு இரண்டு ஆய்வகங்களில் வேறு வேறு முடிவு வருவது இங்கே சகஜம்.

மற்ற ஜோடிகளைப் பற்றிக் கொஞ்சம். பிபிஎஸ் (பாலிபியூட்டிலீன் சக்சினேட்) 115 டிகிரி போல உருகும், பிபிஏடி-யைவிட விறைப்பான துணை. நீட்சி சற்றுக் குறைவு. பிசிஎல் (பாலிகேப்ரோலாக்டோன்) மிக மென்மையானது, ஆனால் 60 டிகிரியிலேயே உருகிவிடும், சூட்டுக்கு ஆகாது. பாக்டீரியாக்கள் சேமித்துவைக்கும் பிஎச்பி-யை (பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட்) லெமோய்ன் 1926-இலேயே கண்டறிந்துவிட்டார். அதன் உருகுநிலையும் சிதையத் தொடங்கும் வெப்பமும் மிக நெருக்கம், உருக்கிக் கலப்பது கத்திமுனை வேலை. கிளிசரால் சேர்த்து இளக்கிய ஸ்டார்ச் நீரை விரும்பும், பாலியெஸ்டர் நீரை விரும்பாது. மாலியிக் அன்ஹைட்ரைடு இல்லாமல் அந்த ஜோடி ஒட்டுவது அபூர்வம், ஈரக்காற்றில் அதன் குணமும் தினம் ஒரு மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த கலவை வேறு வகை: இடக்கை, வலக்கை லாக்டிக் அமிலங்களால் ஆன இரண்டு பிஎல்ஏ-க்களைச் சேர்த்தால் இரண்டும் கைகோத்து ஒரே படிகமாகி, உருகுநிலை தனித்தனியே இருப்பதைவிட 50 டிகிரி போல உயர்ந்து 220-ஐத் தாண்டுகிறது. 1987-இல் ஜப்பானில் இகாடா குழு இதை அறிவித்தது. வெப்பத்தைத் தாங்க வைப்பதில் இதற்கு இணை குறைவு. ஆனால் உடையும் குணம் தீராது, அதற்கு ரப்பர்த் துளிகள் வேண்டும்.

கடைசியாக மக்குவது. இரண்டும் மக்கும் என்றால் கலவையும் மக்கும் என்பது பாதி உண்மை. எங்கே, எந்த வெப்பத்தில், எவ்வளவு தடிமனில் என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள். ஐரோப்பியத் தரமான இஎன் 13432 கேட்பது தொழிற்சாலை உரக்கிடங்கின் நிலைமை: 58 டிகிரி போன்ற வெப்பத்தில் 6 மாதத்துக்குள் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக வேண்டும், 12 வாரத்தில் சிதைந்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. பிஎல்ஏ-க்கு இந்த வெப்பம் அவசியம், ஏனென்றால் தண்ணீர் முதலில் அதன் சங்கிலியை வெட்டித் தர வேண்டும். கண்ணாடி நிலைமாற்றத்துக்கு மிகக் கீழே அது ஆமை வேகத்தில் நடக்கும். சாதாரண மண்ணிலோ கடலிலோ பிஎல்ஏ வருடக்கணக்கில் கிடக்கும்.

கலத்தல் இதை இரண்டு பக்கமும் மாற்றலாம். 2018-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், தனியே வீட்டு உர வெப்பத்தில் மக்காத பிஎல்ஏ, 20 சதவீதம் பிசிஎல் கலந்தபோது அந்த நிலைமையிலும் மக்கியது. அதே ஆய்வு பல கலவைகளை நன்னீரிலும் கடல்நீரிலும் வைத்துப் பார்த்தது. பெரும்பாலானவை அங்கே தேறவில்லை. உங்கள் கலவையில் தொடர்ச்சியாக நிற்பது பிஎல்ஏ என்றால், வேகத்தைப் பெருமளவு நிர்ணயிப்பதும் அதுவே என்று எதிர்பார்க்கலாம். எபாக்சி இணக்கப் பொருள் மக்காதது. ஆனால் 1 சதவீதத்துக்குக் குறைவான ஒரு சேர்க்கையைத் தனியே மக்கும் சோதனைக்கு உட்படுத்த வேண்டியதில்லை, அப்படிப்பட்டவை மொத்தமாக 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதே தரம் சொல்கிறது. சட்டப்படி இது போதும். ஆனால் சங்கிலிகளை அதிகமாகப் பின்னிவிட்டால் சிதைவு மந்தமாகலாம் என்பதை மனதில் வையுங்கள். இது ஒவ்வொரு கலவைக்கும் அளந்து பார்க்க வேண்டிய விஷயம். சான்றிதழ் சோதித்த தடிமன் வரைக்கும்தான் செல்லும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 50 மைக்ரான் ஃபிலிமுக்கு வாங்கியதை வைத்து 2 மில்லிமீட்டர் தட்டை விற்க முடியாது.

உங்கள் இடத்தில் இருந்தால் அடுத்து இப்படிச் செய்வேன். முதலில் கைவசம் இருக்கும் ஃபிலிமின் உடைந்த முகத்தைப் படமெடுத்துத் துளியின் அளவைத் தெரிந்துகொள்வேன். உருக்கிக் கலக்கும் வசதி கிடைக்கும் என்றால், சிறிய உள்கலப்பி போதும், பாகுத்தன்மை நெருங்கிய கிரேடுகளை நன்றாக உலர்த்தி, 10 சதவீதமும் 20 சதவீதமும் பிபிஏடி-யோடு, அதே சூட்டைக் கண்ட வெறும் பிஎல்ஏ-வையும் சேர்த்து மூன்று மாதிரிகள் எடுப்பேன். அவற்றை அழுத்தி ஃபிலிமாக்கி, ஒரு பகுதியை மறுநாளும் மறு பகுதியை மூன்று வாரம் கழித்தும் இழுப்பேன். அதன் பிறகே 20 சதவீதக் கலவையில் 0.3, 0.6 சதவீதம் எபாக்சி பொருளைச் சேர்த்துப் பார்ப்பேன். முதலிலேயே சேர்த்துவிட்டால் எது எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும். வார்ப்பு முறையைத் தவிர வேறு வழியில்லை என்றால், சூடான தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி விரைவாகக் காயவையுங்கள், பிறகு வெற்றிடத்தில் உலர்த்துங்கள். குளோரோஃபாம் ஆவி நச்சு, புகைக் கூண்டுக்கு வெளியே இதைச் செய்யவே கூடாது. படமும், நீங்கள் வாங்கிய கிரேடுகளின் உருகு ஓட்ட எண்ணும், மாதிரிகளின் வயதும் இருந்தால் இங்கேயே பதிவிடுங்கள். அவற்றைப் பார்த்தால் துளிப் பிரச்சினையா கரைப்பான் பிரச்சினையா என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.